நியூட்ரான் எண்ணும் பூங்கொடி

காலை எட்டு மணிக்கு, கிணற்றுக்குள் எதையும் வைக்காமல் பூங்கொடி எண்ணத் தொடங்குகிறாள். கிணறு என்று அங்கே எல்லோரும் சொல்வது இடுப்புயரத்துக்கு நிற்கும் ஒரு வெள்ளை உருளையை. கெட்டிப் பாலிதீனைக் கடைந்து செய்தது. நடுவில் ஒரு குடம் இறங்கும் அளவுக்குத் துளை. துளையைச் சுற்றி, பாலிதீனுக்குள் புதைந்தபடி, நியூட்ரான்களை எண்ணும் பதினெட்டு எஃகுக் குழாய்கள். துளை காலியாக இருந்தாலும் திரையில் எண் ஏறும். வானத்திலிருந்து எந்நேரமும் சிதறிக்கொண்டிருக்கும் நியூட்ரான்கள் அவை. இருபது நிமிடம் அவற்றை எண்ணி, நோட்டில் தேதியிட்டு எழுதிய பிறகுதான் அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றுவாள். "காலியா இருக்கும்போது எவ்ளோன்னு தெரியாம, வெச்சது எவ்ளோன்னு எப்படிச் சொல்றது?" என்பாள்.

அந்த இருபது நிமிடமும் யாரும் பக்கத்தில் நடமாடக் கூடாது. மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் நியூட்ரான்களைத் தட்டித் திருப்பிவிடும், எண்ணிக்கை மாறும். மேலாளர் ஸ்ரீராம் கோவில்பட்டிக்காரர், அவசரக்காரர், பேசிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். "சார், கதவாண்டயே நில்லுங்க. உள்ள வந்தா நீங்களும் கணக்குல சேந்துருவீங்க." மேலாளர் என்றும் பார்க்கமாட்டாள். அவரும் காலணி விளிம்பு வாசற்படியைத் தாண்டாமல் நின்று, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்.

ஓசூர் சிப்காட்டின் இரண்டாம் கட்டத்தில், வார்ப்புப் பட்டறை ஒன்றுக்கும் அட்டைப்பெட்டிக் கூடம் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது அந்தச் சின்ன நிறுவனம். மொத்தம் முப்பது பேர். அணு எரிபொருளைக் கையாளும் அரசுக் கூடங்களில், மூடி முத்திரையிட்ட கலங்கள் வரிசையாக இருக்கும். உள்ளே இருப்பது எவ்வளவு என்று ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும்; ஆனால் திறக்கக் கூடாது. கலத்தை அப்படியே கிணற்றுக்குள் இறக்கிவிட்டால், எஃகையும் ஈயத்தையும் ஊடுருவி வெளியே வரும் நியூட்ரான்களைக் குழாய்கள் எண்ணிச் சொல்லிவிடும். அப்படிப்பட்ட கருவிகளைச் செய்து அனுப்புகிறார்கள். அனுப்புமுன் ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் பூங்கொடி. பதினாறு வருடமாக அந்தக் கையெழுத்து அவளுடையதுதான். முத்திரையிட்ட கலம் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அவளிடம் இருப்பது, தானாகவே நியூட்ரான் உமிழும் கலிபோர்னியம் கடுகிலும் சிறிய துளியாக அடைத்த, சுண்டுவிரல் நுனியளவான ஒரு சோதனைக் குப்பி மட்டும். கனத்த பெட்டிக்குள், இரண்டு பூட்டுக்குள் அது இருக்கும். நீண்ட இடுக்கியால் எடுத்து, கிணற்றில் இறக்கி, எண்ணி முடித்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்ப்பாள்.

வேலையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவள் முகமே மாறும். "தனியா வர்ற நியூட்ரான் ஆயிரம் காரணத்துக்கு வரும், அத நம்ப முடியாது. அணு ஒண்ணு உடைஞ்சா ரெண்டு மூணு சேந்தாப்புல பொறந்து வரும் பாருங்க, அதத்தான் மெஷினு தேடுது. ஒரே நொடிக்குள்ளன்னு நெனைக்காதீங்க. நொடிய லட்சமாப் பிரிச்சா அதுல ஏழெட்டுப் பங்கு. அதுக்குள்ள ஜோடியா வந்தா, ஆங், இது நம்ம ஆளு." கைகளால் அதைச் செய்து காட்டுவாள். ஒல்லியான, நரம்பு புடைத்த கைகள். இணைப்பிகளில் இடித்துவிடும் என்று வளையல் போடுவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

வயது நாற்பத்தேழு. பின்னலை இறுக்கி, மேலே இரண்டு ஊசி குத்தியிருப்பாள். மழைக்காலத்தில் அவள் மேசையில் ஒரு ஹேர் டிரையர் கிடக்கும். அவள் தலைமுடிக்கு அல்ல. ஈரக் காற்று குழாயின் தலைமாட்டில் ஏறிவிட்டால் பொய் எண்ணிக்கை வரும். குழாய்களுக்கு எண்தான் பெயர். "ஏழாவது இன்னிக்கு மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அதன் கழுத்தில் சூடான காற்றை ஊதுவாள். புயல் வரும் நாள்களில் காற்றழுத்தம் குறைந்து, வானத்து நியூட்ரான்கள் கூடுதலாக இறங்கும். நோட்டைப் பார்த்துவிட்டு, "துணி காயப்போட்டிருந்தா எடுக்கச் சொல்லி வீட்டுக்கு போன் பண்ணுங்க" என்பாள். நாலுக்கு மூன்று முறை மழை பெய்திருக்கிறது.

சொந்த ஊர் கல்லாவி. கிருஷ்ணகிரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த இரண்டாம் வருடம், அப்பாவும் அம்மாவும் ஆறுமாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி அன்புமணிக்கு அப்போது பதினொரு வயது. அவனைக் கையோடு ஓசூருக்கு அழைத்து வந்து, படிக்கவைத்து, ஆளாக்கினாள். நடுவில் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து, எட்டே மாதத்தில் முடிந்தது. கேட்டால், "அது ஆச்சு, போச்சு" என்று பேச்சைத் திருப்பிவிடுவாள்.

அன்புமணி இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறான். அதே ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்த சுவாதியைக் காதலித்து மணந்தான். சுவாதி பேரிகைப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். கணவனின் அக்காளைத் தங்கள் வழக்கப்படி "வதினா" என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பூங்கொடியின் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். "வதினா, நீங்க வெச்சாதான் தூக்கம் வருது." பாகலூர் ரோட்டில் அக்காளும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். அந்த வீட்டுத் தரைக்குக் கல் எடுக்க, கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் கல் கிடங்குகளுக்கு மூன்று ஞாயிறு அலைந்தவள் பூங்கொடி. கடைசியில் சிவப்பும் சாம்பலும் அலை அலையாக ஓடும் ஒரு கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்துக் குவாரியில் வெட்டியது. தண்ணீர் தெளித்துத் துடைத்தால் ஆற்று மணல்போல மின்னும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசியில், சுவாதிக்கு ஐந்தாவது மாதம். ஒரு மதியம் பூங்கொடியின் கைபேசி அடித்தது. அன்புமணியின் கைபேசி ஆலையின் லாக்கரில் இருக்கும் நேரம் அது. "வதினா, வலிக்குது. ரத்தம் வருது." பூங்கொடி குப்பியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினாள். மழையில் ஆட்டோ கிடைக்காமல், அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரரை மறித்து அதில் ஏறிப் போனாள். சுவாதியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைப் படி ஏறியவள் அவள்தான். குழந்தை தங்கவில்லை. கருப்பையின் வாய் பலவீனமாக இருந்திருக்கிறது, அடுத்த முறை முன்கூட்டியே தையல் போட்டுப் பாதுகாக்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். விளக்கத்தைக் கேட்டவர்கள் பூங்கொடியும் அன்புமணியும் மட்டும். சுவாதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் சுவாதியின் அம்மா ரங்கம்மா, மருத்துவமனை வராந்தாவில் தன் தங்கையிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அணு வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் உடம்பிலிருந்துதான் பிள்ளைமேல் ஏறியிருக்கிறது, வாராவாரம் அவள் கையால்தானே என் மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள் என்றாள். ஓசூரில் இருபத்தைந்து வருடம் இருந்தவளுக்குத் தெலுங்கு புரியாமல் இருக்குமா? சூடான பால் இருந்த தூக்கை ஏந்தியபடி பூங்கொடி தூணுக்கு இந்தப் பக்கம் நின்றாள். பால் ஆறும்வரை நின்றாள்.

அந்தப் பயத்துக்கு விதை போட்டவளும் பூங்கொடியேதான். கல்யாணமான புதிதில் ரங்கம்மா வீட்டுக்கு வந்தபோது, தன் கைபேசியில் ஒரு படத்தைப் பெருமையோடு காட்டியிருந்தாள். சோதனை அறைக் கதவு. கதவில் மஞ்சள் முக்கோணம், நடுவில் மூன்று இலைபோல் கறுப்புக் குறி. "இதுக்குள்ள போறதுக்கு எங்க கம்பெனில நாலு பேருக்குத்தான் அனுமதி" என்று சொன்னாள். ரங்கம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இடிந்த கட்டடத்திலோ மின்கம்பத்திலோ ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் பார்க்கிற பார்வை அது. பூங்கொடி அதை அன்று கவனிக்கவில்லை.

கதிர்வீச்சு எவ்வளவு பட்டது என்று காட்டும் பட்டை ஒன்றை மார்பில் குத்திக்கொண்டுதான் அவள் வேலை செய்வாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வுக்குப் போய், தாள் வரும். எல்லாத் தாளிலும் ஒரே சொல்: இல்லை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்திருந்தாள். கோப்பைக் கொண்டுபோய் சுவாதியின் மடியில் வைத்தாள். சுவாதி இரண்டு தாளைப் புரட்டினாள். "சரி வதினா" என்றாள். மூடி வைத்துவிட்டாள். ரங்கம்மா அதைத் தொடவே இல்லை.

அப்போதுதான் பூங்கொடி அந்த முடிவுக்கு வந்தாள். நிறுவனத்தில் கையடக்கமான ஒரு மீட்டர் உண்டு. கதிர்வீச்சு இருந்தால் 'டிக் டிக்' என்று அடிக்கும். அதைச் சனிக்கிழமை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துப்போக ஸ்ரீராமிடம் கையெழுத்துக் கேட்டாள்.

"சத்தத்த ஆஃப் பண்ணிட்டு, முள்ளை மட்டும் காட்டுங்கம்மா" என்றார் அவர்.

"சத்தத்த அமுக்கினா மறைக்கறன்னு நெனச்சுக்குவாங்க சார். காதாலயே கேக்கட்டும்."

வீட்டுக் கூடத்தில் சுவாதி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ரங்கம்மா அவள் தோளருகே நின்றாள். அன்புமணி வாசற்கதவில் சாய்ந்திருந்தான். பூங்கொடி மீட்டரை முடுக்கி, முதலில் தன் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மார்பில், முடியில், புடவைத் தலைப்பில். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக், டிக். மறுபடி அமைதி.

"பாத்தீங்களா? வெளிய ரோட்டுல வெச்சாலும் இதே தான் அடிக்கும்."

"ஏமி, உங்கிட்ட ஒண்ணும் இல்லன்னா அது சும்மா இருக்கணும் இல்ல? எதுக்குக் கத்துது?" என்றாள் ரங்கம்மா.

"எங்க வெச்சாலும் சும்மா இருக்காதும்மா. ஆகாசத்துல இருந்து வரும், மண்ணுல இருந்து வரும், வாழப்பழத்துல கூடக் கொஞ்சம் இருக்குது. இது ஒண்ணும் பண்ணாது. இதோ பாருங்க…"

தன்மேல் அடிப்பதும் மற்ற இடத்தில் அடிப்பதும் ஒன்றுதான் என்று காட்டுவதற்காக, குனிந்து மீட்டரைத் தரையருகே கொண்டுபோனாள். சத்தம் சட்டென்று நெருங்கியது. டிக்டிக், டிக், டிக்டிக்டிக். கருங்கல்லில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். அந்த மலைக்கல்லில் எங்கும் இருக்கும். ஆபத்தில்லாத அளவுதான். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. குனிவதற்கு முந்தைய நொடியில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

சுவாதி இரண்டு பாதங்களையும் தூக்கிச் சோபாமேல் வைத்துக்கொண்டாள்.

"இது கல்லுல இருந்து வருதும்மா. எல்லாக் கல்லுலயும்…"

"இந்தக் கல்ல எடுத்தது யாரு?" என்று கேட்டாள் ரங்கம்மா. குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு அன்புமணியைப் பார்த்தாள். அன்புமணி தலை குனிந்துகொண்டான்.

"நாந்தான்" என்றாள் பூங்கொடி.

மீட்டரை அணைத்தாள். சுவாதி பாதங்களைக் கீழே இறக்கவில்லை. அடுத்த புதன்கிழமை பூங்கொடி இரண்டு பெட்டிகளோடு மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி அறைக்கு வந்துவிட்டாள். பெட்டியை ஏற்றிவிட வந்த அன்புமணி, "கொஞ்ச நாளைக்குத்தான்க்கா" என்றான். அடுத்த மாதம் கூடத்தில் கருங்கல்லின் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள்.

அந்த நாள்களில் ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு, அவள் செய்த ஒரு காரியம் யாருக்கும் தெரியாது. தன் தலையணை உறை, சீப்பு, சோற்று டப்பா, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் இறக்கி இருபது நிமிடம் எண்ணினாள். தலையணை உறையிலிருந்து நியூட்ரான் வராது என்பதை அவளைவிட யார் அறிவார்? ஆனாலும் எண்ணினாள். காலியாக இருந்தபோது வந்த எண்தான் வந்தது. பிறகு அந்த மீட்டரை எடுத்து, சத்தத்தை அமுக்கிவிட்டு, தன் வயிற்றில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அறிவு ஒன்றைச் சொல்லும். வராந்தாவில் கேட்ட பேச்சு இன்னொன்றைச் சொல்லும். அன்று எடுத்த எண்களையும் நோட்டில் எழுதினாள். உள்ளே வைத்தது எது என்று எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

சுவாதி மறுபடி உண்டானதை, அவளுக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் அன்புமணி சொன்னான். தையல் போட்டு, படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். போன ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. கைபேசியில் வந்த படத்தைப் பூங்கொடி பெரிதாக்கிப் பார்த்தாள். மூடிய கண், திறந்த வாய், மடங்கிய ஒரு காது. அந்தக் காது அன்புமணிக்கும் அப்படித்தான் இருந்தது.

பூங்கொடி வீட்டு வழக்கத்தில், பெயர் வைக்கும் அன்று குழந்தையைத் தொட்டிலில் போட்டு, காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவள் அப்பாவுடன் பிறந்த அத்தை. சுவாதி வீட்டிலும் அதே வழக்கம்தான். அதற்கு நான்கு நாள் முன்னால் அன்புமணி சாப்பாட்டு இடைவேளையில் சிப்காட் கேட்டுக்கு வந்து நின்றான். எதிரே டீக்கடை நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பேரு வெக்கறோம்க்கா."

"ம்."

"மாமியாரு ரொம்பப் பயப்படறாங்க. சுவாதியும்… அவ ஒண்ணும் சொல்லல. ஆனா அழுவறா."

"சுஜாதாவக் கூப்ட்டிருக்கியா?" என்று கேட்டாள் பூங்கொடி. சுஜாதா அவர்களுடைய பெரியப்பா மகள், ஊத்தங்கரையில் இருப்பவள்; குழந்தைக்கு அவளும் அத்தை முறை. அவன் தலையாட்டினான். அவன் கண்ணைப் பார்க்க வேண்டாம் என்று பூங்கொடி ரோட்டைப் பார்த்தாள். கர்நாடகப் பதிவெண் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"டேய். நான் இந்த வேலைய விட்டுட்டா?"

அவன் நிமிர்ந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினொரு வயதில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தபோது இருந்த முகம். "நெசமாவாக்கா? விட்டுருவியா?"

அன்று மதியமே அவள் கடிதத்தை எழுதினாள். மூன்று வரி. ஸ்ரீராம் அதை இரண்டு முறை படித்தார். காரணம் அவருக்குத் தெரியும். "வேணும்னா இதை இப்பவே ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிருதேன். ஆனா ஒண்ணு, விட்டா போதுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை அன்புமணி போனில் பேசினான். தயங்கித் தயங்கி வந்தது. ரங்கம்மா பேரிகையில் யாரையோ விசாரித்திருக்கிறாள். ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் அது இறங்காதாம். எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதானாம்.

"நீ என்னா சொன்ன?"

"நான் என்னாக்கா சொல்றது? எனக்கு அதெல்லாம் தெரியுமா?"

அவன்மேல் கோபம் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். வரவில்லை. ஸ்ரீராமின் அறைக்குப் போய்க் கையை நீட்டினாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அனுப்பவே இல்லை. அவள் அதை நான்காக மடித்து, பதினோராவது குழாயின் இணைப்பைச் சரிபார்க்கப் போனாள். அன்று கல்பாக்கம் பக்கம் அனுப்ப வேண்டிய கருவி ஒன்று காத்திருந்தது. மாலை ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை என்று பொதி கட்டுகிறவர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அவளுடைய கைபேசி அடித்தது. எடுத்தால் எதிர்முனையில் யாரும் பேசவில்லை. பாத்திரச் சத்தம், பெண்களின் பேச்சு, குழந்தையின் சிணுங்கல். அன்புமணி கைபேசியை இயக்கிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பூங்கொடி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மூணு வாட்டி சொல்லும்மா, மெதுவாச் சொல்லு" என்று ஒரு குரல் சுஜாதாவுக்குச் சொன்னது. எல்லோரும் அடங்கினார்கள். காதில் சொல்லும் பெயர் தொலைபேசியில் எப்படிக் கேட்கும்? சட்டைத் துணியின் உரசலும் தம்பியின் மூச்சும்தான் கேட்டன. பிறகு ஒரே நேரத்தில் பல குரல்கள். லாஸ்யா, லாஸ்யா, இங்க பாரு, லாஸ்யா. எல்லோரும் அறிந்த பிறகு அவளும் அறிந்துகொண்டாள். இணைப்பை அவள் துண்டிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடியும்போது அவன் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அவனே துண்டித்தான்.

அதன் பிறகு நாள்கள் பழையபடி போயின. டவுன் பஸ் டிரைவரோடு கன்னடம், பூக்காரியோடு தெலுங்கு, குழாய்களோடு தமிழ். சோதனைக் குப்பியின் வீரியம் மாதாமாதம் நூற்றுக்கு இரண்டு பங்கு குறையும். அதையும் கழித்துத்தான் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். கழித்துக்கொண்டே வந்தாள். படங்கள் வந்தன. லாஸ்யா குப்புற விழுந்தாள். லாஸ்யாவுக்குப் பல் முளைத்தது. ஒவ்வொன்றுக்கும், "சுத்திப் போடச் சொல்லு" என்று மட்டும் பதில் அனுப்பினாள்.

இந்த உகாதிக்கு சுவாதியே கூப்பிட்டாள். "வதினா, பண்டிகைக்கு வாங்க. ஒப்பட்டு பண்றேன்." குரல் கரகரத்திருந்தது. பூங்கொடி போனாள். வெறுங்கையாகப் போகவில்லை, கடையில் இன்னும் பிரிக்காத உறையோடு ஒரு கவுன் வாங்கி, கடைக்காரரையே பையில் போடச் சொல்லி எடுத்துப் போனாள். உள்ளே வாருங்கள் என்று சுவாதி சொன்னாள். "காத்து நல்லா வருது, இங்கயே இருக்கறன்" என்று முன்வாசல் போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சுவாதி இலையை அங்கேயே கொண்டுவந்து, ஸ்டூல்மேல் வைத்து, ஒப்பட்டுப் போளியோடு பரிமாறினாள். அன்புமணி வெற்றிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தான். ரங்கம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்புடும்மா" என்றாள். அதிலும் கடுமை இல்லை.

சுவாதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். இடையே ஐந்தடி. வெகுநேரம் இரண்டு பேரும் லாஸ்யா தன் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களால இல்லன்னு எனக்குத் தெரியும் வதினா" என்றாள் சுவாதி. "டாக்டரு ரெண்டாவது தடவ எல்லாம் வரைஞ்சு காட்டுனாங்க. தெரிஞ்சும் பயமா இருக்குது. இவளுக்கு லேசா ஜுரம் வந்தாக்கூட, அன்னிக்கு அந்த மெஷினு கத்துன சத்தம்தான் கேக்குது. நான் என்னா பண்ணட்டும்?"

"நீ என்னா பண்ணுவ" என்றாள் பூங்கொடி. "பயப்படறதுல தப்பு இல்ல. எனக்கு நானே வயித்துல மீட்டர் வெச்சுப் பாத்தவதான்."

சுவாதி நிமிர்ந்து பார்த்தாள். கேட்டது சரிதானா என்பதுபோல் பார்த்தாள். அவள் உதடு கோணியது. எதையோ சொல்ல வந்தாள். அதற்குள் உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது; ரங்கம்மா கூப்பிட்டாள். சுவாதி குழந்தையை அப்படியே போர்ட்டிகோவில் விரித்திருந்த பாயில் இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

லாஸ்யா பாயில் சற்று நேரம் தனியாக இருந்தாள். பிறகு கைகளை ஊன்றித் தவழத் தொடங்கினாள். பாயின் விளிம்பைத் தாண்டி, ஸ்டூலைச் சுற்றி, நேராக நாற்காலியை நோக்கி வந்தாள். பூங்கொடி உள்வாசலைப் பார்த்தாள். "சுவாதி" என்று கூப்பிட்டாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தத்தில் அது கேட்கவில்லை. குழந்தை அவள் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பற்றியது. மறு கையாலும் பற்றியது. தம் பிடித்து, முனகி, முழங்கால்களை நிமிர்த்தி எழுந்து நின்றது. அதுவரை அது நின்றதாக ஒரு படமும் வந்திருக்கவில்லை. நின்ற வேகத்தில் பின்பக்கமாக ஆடியது.

பூங்கொடியின் இரண்டு கைகளும் எப்போதோ நாற்காலிக்குப் பின்னால் போய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருந்தன. அவள் கைகளைப் பிரிக்கவில்லை. குழந்தை பிடித்துக்கொள்ள வாகாக, முழங்கால்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, மெல்ல முன்னால் நகர்த்திக் கொடுத்தாள்.